பாட்டைக் கேட்க விடுங்களேன்

வள்ளி திருமணம் நாடகம் பார்க்கப் போனால் பாதிதான் காதில் விழுகிறது. இந்த வருஷத் திருவிழாவிலும் அதே கதை. நாரதர் வேஷம் கட்டியவருக்கு அருமையான குரல். ஆர்மோனியம் சுருதி கொடுத்ததும் கணீரென்று விருத்தம் எடுத்தார். மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே இன்னொரு மைக்: இன்னார் மகன் இன்னார், நாரதருக்கு அன்பளிப்பு ஐநூறு ரூபாய். பாடியவர் நிறுத்திவிட்டுக் கும்பிடுகிறார். மறுபடி எடுத்தால் அடுத்த பெயர். கொடுக்கட்டும், தாராளமாகக் கொடுக்கட்டும். அந்தப் பணம் கலைஞர் வீட்டு அடுப்புக்குப் போகிறது. பாட்டு முடிந்த பிறகு கொடுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

வள்ளி திருமணம் மாதிரியான ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர்; பல நேரம் மேடைக்கு வந்துதான் முகம் பார்த்துக்கொள்கிறார்கள். 1922இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுவைத்த பாதை எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான் இது நடக்கிறது. ஆனால் நாரதர்–வள்ளி தர்க்கம் இருக்கிறதே, எந்தக் கேள்வி எங்கிருந்து வரும் என்று இருவருக்குமே தெரியாது. கன்னிப்பெண் காவல் காக்கிற தினைப்புனத்தில் முனிவருக்கு என்ன வேலை என்று அன்றைக்கு வள்ளி மடக்கியதும் நாரதர் ஒரு கணம் திணறினார். பிறகு பாட்டிலேயே பதில் சொன்னார் பாருங்கள், மிருதங்கக்காரரே தலையாட்டிவிட்டார். இதற்காகத்தானே பனியில் உட்கார்ந்திருக்கிறோம்?

ஆனால் அந்தத் தர்க்கம் தொடங்கவே மணி இரண்டாகிவிட்டது. பத்து மணிக்கு வந்த பபூனும் டான்ஸும் மேடையை விட்டு இறங்கவில்லை. பபூன் வேண்டாம் என்று யார் சொன்னது? நல்ல பபூன் கூட்டத்தைக் கட்டிப்போடுவார். முன்வரிசையில் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மணிக்கணக்காக இரட்டை அர்த்தம் பேசுவதுதான் பொறுக்கவில்லை. தர்க்கம் கேட்க ஆசையாகப் பாயோடு வந்த கிழவிகள் அதற்குள் தூங்கிப்போனார்கள். விடியப்போகிறது என்று கிழவனாக முருகன் வரும் கட்டத்தையும் யானை வரும் கட்டத்தையும் அள்ளித் தெளித்து முடித்து, மாலையை மாற்றிவிட்டார்கள்.

இத்தனைக்கும் மேலே எக்கோ. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே இதே நாடகத்தைக் கடைசி வரிசைவரை கேட்கப் பாடியவர்கள். இன்று நாலு திசையிலும் பெட்டி வைத்தும் சாகித்யம் புரியவில்லை. அடுத்த வருஷமாவது விழாக்குழு சவுண்டு செட்காரரிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லட்டும். பபூனுக்கு ஒரு மணி நேரம் போதும். நள்ளிரவுக்குள் வள்ளியைத் தினைப்புனத்துக்கு அனுப்பிவிடுங்கள்.