பூட்டிய சுற்றுக்குள் ஒரு வழி

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்துபோகும் கூட்டத்தில் பெரும்பாலோர் அங்குள்ள சோழர் கால ஓவியங்களைப் பார்த்ததில்லை. அவை இருக்கும் கருவறை உள்சுற்றில் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுசொல்லும்வரை, நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் அவை மறைந்தே கிடந்தன. வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கயிலைக்கு விரையும் காட்சி அவற்றில் ஒன்று. பாதையோ குறுகல், சுவரோ உயரம். அனுமதி பெற்று நுழையும் ஆய்வாளர்கூட நாலடி பின்வாங்கி நின்று முழுக் காட்சியையும் ஒருசேரப் பார்க்க வழியில்லை. லேசர் ஸ்கேன் செய்து முப்பரிமாணத்தில் உருவாக்கினால், எதிர்ச்சுவரைக் கணினியில் விலக்கிவிட்டு வேண்டிய தூரத்தில் நின்று பார்க்கலாம். மெய்நிகர்த் தொழில்நுட்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை என்பேன்.

கருவறையை ஒட்டிய இடத்தைத் திரையில் காட்டலாமா என்று சிலர் கேட்கக்கூடும். காட்டப்போவது சுவரோவியங்களைத்தான், மூலவரை அல்ல. அவற்றின் படங்களைக் கோயில் வளாகத்திலேயே தொல்லியல் துறை காட்சிக்கு வைத்திருக்கிறது. நகல் அசலாகுமா என்ற கேள்விக்குப் பிரான்சின் லாஸ்கோ குகை பதில் சொல்கிறது. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றாலேயே ஓவியங்கள் கெட, 1963இல் அக்குகையை மூடினார்கள். 1983 முதல் மக்கள் பார்ப்பது நகலைத்தான். அசல் பிழைத்திருக்க அதுவும் ஒரு காரணம்.

எனக்குள்ள கவலை வேறு. உதிர்ந்த இடங்களை நிரப்பி, மங்கிய நிறங்களுக்குப் பளபளப்பேற்றி, பின்னணி இசையும் சேர்த்தால் அது சினிமா செட் ஆகிவிடும். சான்று எது, ஊகம் எது என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும்; மரபுச் சின்னங்களைக் கணினியில் காட்சிப்படுத்துவதற்கென 2006இல் உருவான லண்டன் சாசனம் வலியுறுத்துவதும் இதையே. ஹெட்செட் சில ஆண்டுகளில் பழசாகிவிடும், அடியிலுள்ள அளவுகளும் மூலப் படங்களும்தான் நிற்கும். தமிழ்நாட்டின் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோய் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம்வரை சென்ற நடராசர் 2014இல் திரும்பிவர, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பழைய புகைப்படங்கள் முக்கியச் சான்றாயின. ஆகவே தஞ்சையில் ஸ்கேன் எடுப்பதற்கான டெண்டரிலேயே ஒரு நிபந்தனை வேண்டும்: மூலத் தரவு முழுவதும் பொது ஆவணக் காப்பகத்துக்கு வந்துசேர்ந்த பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை.