மேட்டுப்பாளையம் வெறும் பிளாட்பாரம் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. டீ குடித்துக்கொண்டே படியுங்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள் அனுப்பியது. மேட்டுப்பாளையம் பவானி ஆற்றின் நடுவில் ஒரு பாறை. அதன்மேல் அவளும் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருக்கிறார்கள், மடியில் இரண்டு வயதுக் குழந்தை. மூன்று பேரும் தண்ணீர் வரும் பக்கத்துக்கு முதுகைக் காட்டியிருக்கிறார்கள். கீழே "ஊட்டி போற வழியில டீச்சர், செம வைப்" என்று எழுதியிருந்தாள். நான் ஹார்ட் போடவில்லை. உடனே போன் போட்டுத் திட்டினேன். அவள் அழுதுவிட்டாள். அழட்டும். அவளுக்குச் சொன்னதை இப்போது உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

கோடை விடுமுறை வந்தால் நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஜனங்களுக்கு ஊட்டி ஞாபகம் வந்துவிடும். நீலகிரி எக்ஸ்பிரஸ் நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் ராத்திரி ஓடுகிறது. விடிந்தால் மேட்டுப்பாளையம். இறங்கி, பல் விளக்கி, இட்லி சாப்பிட்டு, காலை 7.10 மலை ரயிலுக்கு ஓடுகிறோம். டிக்கெட் கிடைக்காதவர்கள் வேன் பிடிக்கிறார்கள். "மேட்டுப்பாளையத்தில் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "அங்க என்ன டீச்சர் இருக்கு, ட்ரெயின் மாறுற இடம்தானே" என்கிறார்கள்.

இந்த நினைப்புதான் ஆபத்து என்கிறேன். ஓர் ஊரை வெறும் வழி என்று நினைத்துவிட்டால் அந்த ஊர் சொல்வது நம் காதில் விழாது. அங்கே போர்டு வைத்தால் படிக்கமாட்டோம். அந்த ஊர்க்காரர் கத்தினால் திரும்பிப் பார்க்கமாட்டோம்.

இதை யாரையோ பார்த்துச் சொல்லவில்லை. முதல் குற்றவாளி நான்தான்.

1996-இல் பள்ளிச் சுற்றுலாவாக 42 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனோம். மேட்டுப்பாளையத்தில் இறங்கி பஸ்ஸில் மலையேறுவதாகத் திட்டம். நல்ல வெயில், மழையின் அறிகுறியே இல்லை. ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். முகம் கழுவட்டும் என்று பிள்ளைகளை இறக்கிவிட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா திடீரென்று, "தண்ணி வருதுங்க, பசங்கள மேல ஏத்துங்க" என்று கத்தினார். எனக்குப் புரியவில்லை. மேகமே இல்லையே, எங்கிருந்து தண்ணீர் வரும் என்று நின்றேன். அதற்குள் முழங்கால் ஏறி, இடுப்பு வரை வந்துவிட்டது. 41 பிள்ளைகள் கரைக்கு வந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும் பாறைமேல் நின்றான், சுற்றிலும் தண்ணீர். அந்த அம்மாவோடு வந்திருந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் இறக்கினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகளை இரண்டு தடவை எண்ணினேன். பஸ்ஸில் ஏற்றினேன். ஊட்டிக்குப் போய்விட்டேன். அந்த அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஊர் திரும்பி ஹெட்மாஸ்டரிடமும் சொல்லவில்லை, பெற்றவர்களிடமும் சொல்லவில்லை. இன்றுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன். அந்தப் பையன் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. இந்தப் பதிவையும் படிப்பான். அப்பா, உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மேட்டுப்பாளையத்துக்கு மேலே, காட்டுக்குள் பில்லூர் அணை இருக்கிறது. முழு நீர்மட்டம் 100 அடி. கோயம்புத்தூருக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது, மின்சாரமும் எடுக்கிறார்கள். மின் உற்பத்திக்காகத் திறந்தாலும், அணை நிரம்பி மதகைத் திறந்தாலும் அந்தத் தண்ணீர் பவானியில்தான் வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் கொளுத்தலாம். மேலே நீலகிரியில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். ஆற்றைப் பார்த்து அது எப்போது ஏறும் என்று உங்களால் கணிக்க முடியாது. ஒவ்வொரு வருடமும் அங்கே மூழ்கிச் சாகிறவர்களில் வெளியூர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

திறந்துவிட்ட தண்ணீர் என்றால் என்ன என்று நமக்கா தெரியாது? 2015 டிசம்பர் 1 ராத்திரி நம் பூந்தமல்லி பக்கத்துச் செம்பரம்பாக்கத்தில் 29,000 கன அடி திறந்தபோது அடையாற்றங்கரை என்ன ஆயிற்று? அன்று "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று கதறினோம். மேட்டுப்பாளையத்தில் சொல்கிறார்கள். போர்டு வைத்திருக்கிறார்கள், போலீஸ் எச்சரிக்கிறது, ஊர்க்காரர்கள் கத்துகிறார்கள். நாம் அந்தப் போர்டுமேல் துண்டைக் காயப்போடுகிறோம்.

"அப்படியானால் அங்கே போகவே கூடாதா டீச்சர்?" என்று கேட்காதீர்கள். போங்கள். ஒரு நாள் தங்குங்கள். என்ன செய்யலாம் என்றும் சொல்கிறேன். வாத்தியார் வேலை, பட்டியல் போடாமல் வராது.

1. மலை ரயிலில் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் நின்று பாருங்கள். என்ஜினைப் பின்னால் மாட்டுவார்கள். பெட்டிகளை இழுக்காது, தள்ளிக்கொண்டு ஏறும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை ஓடும். என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, 12 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தில் ஏறும். இந்தியாவில் இப்படி ஓடும் ரயில் இது ஒன்றுதான். 1899-இல் குன்னூர் வரை, 1908-இல் ஊட்டி வரை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். 46 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 மணி நேரம். பிள்ளைகளுக்கு ஏழாம் வகுப்பு அறிவியலை அங்கே நின்றே நடத்திவிடலாம்.

2. உருளைக்கிழங்கு மண்டிக்குப் போங்கள். மலையில் விளைவது இங்கே இறங்கித்தான் தரம் பிரித்து மூட்டையாகிறது. பூண்டு மண்டியும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்த்த வீட்டுப் பிள்ளைகள் நீங்கள். மூட்டை தூக்குகிறவரின் முதுகைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும். வீட்டுக் கிழங்கு வறுவலின் விலையும் புரியும்.

3. தேக்கம்பட்டி வனபத்ரகாளியம்மனைக் கும்பிடுங்கள். ஆடிக் குண்டம் அங்கே பெரிய விசேஷம். பக்கத்தில் காரமடை அரங்கநாதர், மாசியில் தேர். சாமி கும்பிடுங்கள், ஆற்றில் இறங்காதீர்கள். தலையில் தெளித்துக்கொள்ள ஒரு சொம்பு தண்ணீர் போதும்.

4. சிறுமுகையில் தறிச் சத்தம் கேளுங்கள். பட்டுச் சேலை எடுப்பதானால் நெய்கிறவரிடமே எடுங்கள். அதே சிறுமுகையில்தான் விஸ்கோஸ் ஆலைக் கழிவால் பவானி நாறிப்போய், ஜனங்கள் போராடி, கடைசியில் ஆலையும் மூடிப்போனது. நம் கொரட்டூர் ஏரியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

5. கல்லாறு பக்கம் வண்டியை நிறுத்தாதீர்கள். அது யானைகள் காலங்காலமாகக் கடக்கிற வழி. ஊர்க்காரர்கள் "பாகுபலி" என்று பேர் வைத்த ஆண் யானை அந்தப் பக்கம்தான் உலாவும். அதோடு செல்பி எடுக்கக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால் பிரம்பைத் தேடத் தோன்றுகிறது. குரங்குக்கு சிப்ஸ் போடாதீர்கள். 2019-லிருந்து தமிழ்நாடு முழுக்கத் தடையில் இருக்கிற பிளாஸ்டிக்கை நீங்கள் ஏன் சுமந்துகொண்டு போகிறீர்கள்?

6. நடூரை நினைத்துக்கொள்ளுங்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் இடிந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். எல்லாரும் ஏழை தலித் ஜனங்கள். "அந்த ஊரில் என்ன இருக்கிறது" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: மனிதர்கள் இருக்கிறார்கள்.

இப்போது உங்கள் பதிலும் எனக்குத் தெரியும். "எங்களுக்குக் கிடைக்கிறதே இரண்டு நாள் லீவு. உங்களைப் போல பென்ஷனா வாங்குகிறோம்?" நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு நாளை எங்கே செலவழிக்கிறீர்கள்? மலைப் பாதையில் வண்டிக்குப் பின்னால் வண்டியாக நிற்பதில். கூட்டம் தாங்காமல்தானே ஐகோர்ட் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வந்தது? 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று கணக்கே போட்டுவிட்டார்கள். ஒரு நாள் கீழே, ஒரு நாள் குன்னூர் என்று வைத்துப் பாருங்கள். ஊட்டி எங்கேயும் ஓடிவிடாது.

"ஆற்றைப் பத்திரமாக வைக்கவேண்டியது அரசாங்கம்தானே" என்பீர்கள். அதுவும் சரி. பத்திரமான படித்துறை கட்டட்டும், தண்ணீர் திறக்கும்போது கரை முழுக்கக் கேட்கிற மாதிரி சைரன் வைக்கட்டும். கேட்போம், மனு எழுதுவோம், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் சைரன் வரும்வரை உன் மடியில் இருக்கிற குழந்தைக்கு நீதான் அம்மா, பொறுப்பு.

கடைசியாக ஒன்று. அங்கே போனால் டீக்கடையிலோ மண்டியிலோ யாராவது ஒருவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். பெயரைக் கேளுங்கள். முப்பது வருடமாக எனக்குத் தெரியாமல் போன ஒரு பெயருக்காகக் கேட்கிறேன்.

இதற்காக என்னைத் திட்டுகிறவர்கள் கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். எழுத்துப்பிழை இல்லாமல் திட்டுங்கள், அது போதும். ஊட்டிக்குக் கிளம்புகிற யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்