ரீபூட் பண்ணுனா எல்லாம் சரியாயிடுமா?

இன்னிக்கு ஒரு எரிச்சல், கொட்டிடறேன்.

இங்க பெங்களூர்ல பீன்யா பக்கம் ஒரு கிடங்கு. பேர் வேண்டாம். பழைய யூனிக்ஸ் சர்வர்லதான் இன்னும் பில் அடிக்கிறாங்க. போன மாசம் ராத்திரி பதினோரு மணிக்கு பிரிண்ட் சர்வீஸ் படுத்துடுச்சு. பில் இல்லாம லாரி கேட்டைத் தாண்டாது. நைட் ஷிப்ட்ல இருந்தது திண்டுக்கல்லுல இருந்து வந்து ஏழே மாசமான ஒரு தம்பி. ஊர்க்காரன்னு எனக்குப் போன் பண்ணினான்.

"அண்ணே, எல்பிஸ்டாட் போட்டா ஷெட்யூலர் ஓடலைங்குது. ஸ்டார்ட் பண்ணினா ஏற்கெனவே ஓடுதுங்குது. எதை நம்புறது?"

அருமையான கேள்வி. நான் பதில் சொல்றதுக்குள்ள அவன் மேனேஜர் "ரீபூட் அடி"ன்னுட்டார். அடிச்சான். பில் வந்துச்சு. ஆனா அதே சர்வர்ல ஓடின ஸ்டாக் கணக்கும் முக்கால் மணி நேரம் நின்னுபோச்சு. காலையில தம்பி கையில மெமோ!

நடந்தது இதுதான். இந்த மாதிரி பழைய சிஸ்டங்கள்ல ஷெட்யூலர் கிளம்பும்போது ஸ்கெட்லாக்னு ஒரு ஃபைலை ஸ்பூல் டைரக்டரியில வைக்கும். "நான் உள்ள இருக்கேன்"னு அர்த்தம். எல்பிஷட் கொடுத்து முறையா நிறுத்தினா ஃபைலும் போயிடும். கில் மைனஸ் 9 அடிச்சா சுத்தம் பண்ண அவகாசமே கிடைக்காது, ஃபைல் அப்படியே கிடக்கும். அடுத்து கிளம்புறது அதைப் பார்த்துட்டு, ஆள் இருக்குன்னு திரும்பிடும். பிஎஸ் போட்டு நிஜமாவே எதுவும் ஓடலைன்னு உறுதி பண்ணிட்டு, அந்த ஒரு ஃபைலை அழிச்சு, திரும்ப ஸ்டார்ட் பண்ணணும். ரெண்டு நிமிஷ வேலை.

அப்ப ரீபூட்ல எப்படிச் சரியாச்சு? பூட் ஆகும்போது ஓடுற ஸ்கிரிப்ட்டே அந்த ஃபைலை அழிச்சிடுது. ஒரு ஃபைலை அழிக்க மொத்த சர்வரையும் கவுத்திருக்காங்க!

இதுல கொடுமை என்னன்னா, "பிரிண்டர் தொங்கினா கில் மைனஸ் 9"னு அவங்க வழிகாட்டிப் பேப்பர்லயே எழுதி வச்சிருக்காங்க. தம்பி அதைத்தான் முதல்ல செஞ்சிருக்கான். வியாதியும் அவங்க கொடுத்தது, மெமோவும் அவங்க கொடுத்தது.

"பழைய யூனிக்ஸ்னாலதான்"னு சொல்லாதீங்க. 1999-ல வந்த கப்ஸ்தான் இன்னிக்கு லினக்ஸ், மேக் ரெண்டுலயும் பிரிண்ட் பண்ணுது. அதுலயும் சர்வீஸ் எழுந்திரிக்கலைன்னா எரர் லாக்ல பெரும்பாலும் காரணம் இருக்கும்: கான்ஃபிக்ல தப்பு, டிஸ்க் ஃபுல், பர்மிஷன் இல்லை. 2005-ல வந்த சோலாரிஸ் 10, எந்த லாகைப் பார்க்கணும்னு கூடச் சொல்லும். மெஷின் வாயைத் திறந்து சொல்லுது, நாமதான் காதைப் பொத்திக்கிறோம்.

லாரி நிக்குது, அவசரம், புரியுது. ரீபூட் அடிங்க. ஆனா அதுக்கு முன்னாடி மெசேஜைப் படிச்சு, லாகை ஒரு காப்பி எடுத்து வையுங்க. மறுநாள் ஏன்னு தேடுங்க. இதைச் சொல்லித் தராம "வேலை முடிஞ்சாச் சரி"ங்கிற சீனியர்களாலதான், காலேஜ்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்த பிள்ளைகள் இங்கயும் ரீபூட்டை மனப்பாடம் பண்றாங்க.

தம்பி மெமோ விஷயத்தை ஊர்ல அம்மாகிட்டச் சொல்லலை. காரணத்தை எழுதி மேலிடத்துக்கு மெயில் போடச் சொன்னேன், போட்டுட்டான். பதில் இல்லை. அந்தப் பேப்பர்ல கில் மைனஸ் 9 இன்னும் அப்படியே இருக்கு. மறுபடி படுக்கும். அன்னிக்கு நைட் ஷிப்ட்ல வேற ஒரு தம்பி இருப்பான்.