சரிவைப் படிக்கலாம், இறங்கிப் போக இடம் எங்கே?

வெளிநாடுகளில் பனிமலைக்குப் போகிறவர்களுக்குப் பனிச்சரிவுப் பயிற்சி நடத்துகிறார்கள். எந்தச் சாய்வில் பனி வழுக்கும், புதைந்தவரை எப்படித் தேடுவது என்று பல பாடங்கள். அதில் முக்கியமானது, சந்தேகம் வந்தால் திரும்பிடு என்பதுதான். நல்ல பாடம். ஆனா அவங்களுக்குத் திரும்பிப் போக வீடு இருக்கு. பண்டாரவளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பலருக்கு வீடே சரிவில்தான் இருக்கு.

அப்புத்தளை, பெரகலை தாண்டிப் போனால் கொஸ்லந்தை. அங்கே மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான். அந்த இடம் ஆபத்தானது, மக்களை இடம் மாற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஆக, எச்சரிக்கை வரலைன்னு யாரும் சொல்ல முடியாது. தப்பிப் பிழைத்தவர்களுக்குப் புது வீடு கிடைக்க 2016 ஆச்சு.

இதுக்காக நாம் எதையும் கற்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் விழிப்பாக இருக்கணும். 100 என்றால் வெளியேறத் தயாராகணும். 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 கொட்டினாலோ உடனே கிளம்பணும். மேலிருந்து கீழ் வரை ஒரே அகலமான டின்னைத் திறந்த வெளியில் வைத்து, உள்ளே அடிக்கோலால் அளந்தால் போதும். ஏழரை சென்டிமீட்டர் தண்ணின்னா அதுதான் 75. இதை லயத்துக்கு ஒரு பிள்ளை செய்யலாம்.

அதோடு கண்ணும் வேணும். சுவரிலோ நிலத்திலோ புதுசா வெடிப்பு, சாயுற மரம், திடீர்னு இறுகிக்கொள்ளும் கதவு, கலங்கி வரும் பீலித் தண்ணி, ஊற்று இல்லாத இடத்தில் புது ஊற்று. இதெல்லாம் நம்ம பாட்டிமாருக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனா அவங்க சொன்னா யார் எழுதி வைக்கிறா?

எங்களுக்கு எரிச்சல் வருவது இதுக்குப் பிறகுதான். நடுராத்திரி டின் நிறைஞ்சிருச்சு, சரி, எங்கே போறது? பாடசாலை மண்டபத்தின் சாவி யாரிடம்? அதுவே சரிவுக்குக் கீழே இருந்தால்? அடுத்த நாள் மலைக்குப் போகலைன்னா பேர் விழாதே, அதை யார் ஈடு செய்வது? இதற்குப் பதில் இல்லாமல் வருஷத்துக்கு ஒரு பயிற்சி நடத்தி, தேநீர் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டு போவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

அடுத்த பயிற்சிக்கு அதிகாரிகள் வரும்போது நீங்களும் முன்வரிசையில் உட்காருங்க. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ போனில் பதிஞ்சு வையுங்க. எச்சரிக்கை தமிழில் எத்தனை மணிக்குள் வரும், தங்க வேண்டிய கட்டடம் எது, சாவி யார் கையில் என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்க.