பக்கிங்காம் கால்வாய்: தூர்வாருவது யாருக்காக?

பக்கிங்காம் கால்வாய் 2008-இல் நான்காம் தேசிய நீர்வழியில் சேர்க்கப்பட்டது. சரக்குப் படகுகளைத்தான் காணோம்; மயிலாப்பூரிலோ பறக்கும் ரயிலின் தூண்களே கால்வாய்க்குள் நிற்கின்றன! ஆனால், சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு வழியாக இக்கால்வாயை அடைந்தே முட்டுக்காட்டில் கடல் சேர்கிறது. ஆகவே, மழைக்கு முன் தூர்வாருவதை எவரும் மறுக்க முடியாது.

ஆண்டு முழுவதும் படகுக்கான ஆழத்தைக் காப்பது வேறு செலவு. கோடையில் கடலலை முட்டுக்காடு முகத்துவாரத்தை மணலால் அடைக்கும். அள்ள அள்ள மீண்டும் சேரும். அடிச்சேற்றைக் கிளறினால் மடவைக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் வளரும் உவர்நீர் கலங்கும். அந்த இழப்பைச் சுமப்பவர்கள் அங்கே வலைவீசும் மீனவர்கள். பழைய மாமல்லபுரம் சாலை அருகிலேயே இருக்கையில், இந்தப் படகுப் பாதைக்குப் பொதுப்பணம் ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.