பைக் மீட்டர் தப்பா ஓடினா, பணம் யார் பாக்கெட்டுக்குப் போகுது?

இந்த வாரம் மியூச்சுவல் ஃபண்டும் இல்ல, இன்கம் டாக்ஸும் இல்ல. உங்க பைக் ஹேண்டில்பாருக்கு நடுவுல இருக்கிற அந்த மீட்டரைப் பத்திப் பேசப் போறோம். "ஆடிட்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேட்பீங்க. இருக்கு. போன வருஷம் அந்த மீட்டரை நம்பியும், நம்பாமலும், நான் ஒரு தப்பு பண்ணினேன். ஒரு மனுஷன் வேலையே போயிருக்கும்.

முதல்ல அடிப்படை. பைக்ல ரெண்டு மீட்டர் இருக்கு. வேகத்தைக் காட்டுறது ஸ்பீடோமீட்டர். ஓடின தூரத்தைக் கூட்டிக்கிட்டே போறது ஓடோமீட்டர். ஒரே டப்பாவுக்குள்ள இருக்கறதால நாம ரெண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுக்கறோம். பழைய கேபிள் டைப் வண்டியில முன் சக்கரத்துல இருந்து வர்ற கேபிள், உள்ளே ஒரு காந்தத்தைச் சுத்தும். அந்தக் காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், ஒரு சின்ன ஸ்பிரிங் அதைப் பிடிச்சு நிறுத்தும், முள் நகரும். இதுதான் வேகம். தூரம் அப்படி இல்ல, அது நேரா பல்சக்கரக் கணக்கு. சக்கரம் இத்தனை சுத்து சுத்தினா ஒரு கிலோமீட்டர், அவ்வளவுதான். அதனால ஸ்பீடு தப்பா இருந்து தூரம் சரியா இருக்கலாம். தூரம் தப்பா இருக்கவும் வாய்ப்பு இருக்கு. புது வண்டிகள்ல கேபிளுக்குப் பதிலா சென்சார் வந்துடுச்சு, ஆனாலும் எண்ணுறது என்னமோ சக்கரச் சுத்தைத்தான்.

ஸ்பீடு ஏன் எப்பவும் கொஞ்சம் கூடக் காட்டுதுன்னு நிறைய பேருக்குச் சந்தேகம். அது கோளாறு இல்லங்க, வேணும்னேதான் அப்படி வெச்சிருக்காங்க. ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி உலகத்துல பல நாடுகள் பின்பற்றுற ஒன்று. மீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைச்சுக் காட்டவே கூடாது என்று அது சொல்கிறது. கூடக் காட்டலாம், அதுக்கும் ஒரு எல்லை உண்டு. புது மாடலுக்கு அனுமதி வாங்கும்போது, உண்மை வேகத்துல 10 சதவீதமும் அதுக்கு மேல 4 கி.மீ.யும் வரைக்கும் போகலாம். அதாவது நீங்க நிஜமா 50ல போகும்போது மீட்டர் 59 காட்டினாலும் தப்பில்ல, 49 காட்டினா தப்பு. டயர் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும், ஸ்பிரிங் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும். எந்த வண்டியும் அந்தக் கீழ் எல்லையைத் தாண்டிடக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க எல்லாத்தையும் சேர்த்து மேல தள்ளி வெச்சுடறாங்க.

ஓட்டுறவங்களும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க. "60 காட்டினா அஞ்சு கழிச்சுக்கோ மச்சி" என்பது எல்லா பைக் குரூப்லயும் வேதவாக்கு. கழிச்சுக்கிட்டு என்ன பண்றாங்க? அந்த அஞ்சையும் சேர்த்து முறுக்கறாங்க! எனக்கு இது சுத்தமா பிடிக்காத பழக்கம். 2018 ஏப்ரல்ல வந்த மத்திய அறிவிப்பு, பைக்குக்கு நகராட்சி எல்லைக்குள்ள அதிகபட்சம் 60, நாலு வழிச் சாலையில 80ன்னு வெச்சது. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஸ்பீடு அபராதம் ஆரம்பிக்கறதே 1,000 ரூபாயில. முன் டயரை 90/90-17ல இருந்து 100/90-17க்கு மாத்தினா சக்கரத்தோட விட்டம் 3 சதவீதம் கூடும், மீட்டர் அதே அளவு குறைச்சுக் காட்டும். நீங்க கழிச்சு வெச்சிருந்த அந்த அஞ்சுல ரெண்டு அன்னிக்கே காலி. டயர் கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், ஸ்பீடு கன் வெச்சிருக்கிற போலீஸ்காரர்தான் சொல்லுவார்.

சரி, இப்ப என் கதைக்கு வர்றேன்.

ஈரோட்டுல எனக்கு ஒரு கிளையன்ட். மளிகைச் சாமான் டிஸ்ட்ரிபியூட்டர், பேர் வேண்டாம். 11 சேல்ஸ்மேன். எல்லாருக்கும் சொந்த பைக், கிலோமீட்டருக்கு மூன்றரை ரூபாய் பெட்ரோல் அலவன்ஸ். காலையில ஒரு ஓடோமீட்டர் போட்டோ, சாயந்திரம் ஒரு போட்டோ, ரெண்டையும் கழிச்சா அன்னிக்கு ஓடின தூரம். பல வருஷமா இப்படித்தான் போய்க்கிட்டு இருந்தது. அப்புறம் முதலாளி ஒரு அட்டெண்டன்ஸ் ஆப் வாங்கினார். அது ஜிபிஎஸ் வெச்சு தூரத்தையும் காட்டும். ஆறு மாசம் கழிச்சு, ரெண்டையும் ஒப்பிட்டு ரிப்போர்ட் கொடுங்கன்னு என்கிட்ட சொன்னார்.

ஒப்பிட்டேன். 10 பேருக்கு ஆப்பைவிட மீட்டர் கணக்கு 4ல இருந்து 6 சதவீதம் கூட. ஒருத்தருக்கு மட்டும் 11 சதவீதம். ஆப் மாசத்துக்கு 2,250 கிலோமீட்டர்னு சொல்லுது, அவர் 2,500க்கு பில் போடறார். 250 கிலோமீட்டர், 875 ரூபாய். ஆறு மாசத்துக்கு 5,250. நான் எக்ஸெல்ல அந்த வரிக்கு மஞ்சள் அடிச்சு, "அதிகப்படியான க்ளெய்ம்"னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். அந்த வண்டியை நான் கண்ணால பார்க்கக்கூட இல்லை.

அவருக்கு ஐம்பத்து மூணு வயசு. அந்தக் கடையில 17 வருஷமா இருக்கார். முதலாளி கூப்பிட்டு, பணத்தைப் பிடிச்சுக்கிட்டு கணக்கை முடிச்சு அனுப்பிடலாம்னு என்கிட்ட சொல்லும்போது அவரும் கதவுக்கு வெளியில நின்னுட்டு இருந்தார். நான் போகும்போது வழியில நிறுத்தி ஒண்ணே ஒண்ணு கேட்டார். "சார், மீட்டர்ல என்ன இருக்குதோ அதைத்தானுங்க எழுதறேன். போட்டோவும் போடறேன். மீட்டரை நானுங்களா செஞ்சேன்?"

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. ஆடிட்ல ஒரு பால பாடம் உண்டு: ரெண்டு கணக்கு ஒத்துப் போகலைன்னா, எது தப்புன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். நான் ஆப் சரின்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அவரை வரச் சொன்னேன். பெருந்துறையில இருந்து அவினாசி பக்கமா ஹைவேயில கிலோமீட்டர் கல் பார்த்துக்கிட்டே போனோம். அவர் வண்டியில அவர், என் வண்டியில நான். 20 கல். ஒரு கல், ரெண்டு கல் வெச்சுப் பார்க்காதீங்க, கல்லே கொஞ்சம் தள்ளி நட்டிருக்கலாம். 20 பார்த்தா அந்தப் பிழை கரைஞ்சுடும். விஜயமங்கலம் டோல்கேட் தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தி ரெண்டு மீட்டரையும் பார்த்தோம். என் வண்டி 20.1. அவர் வண்டி 21.2.

ஆறு சதவீதம் மீட்டர்லயே இருக்கு!

என் வண்டியிலயும் ஒரு சோதனை பண்ணினேன். முள்ளை 60லயே அசையாம வெச்சு, ஒரு கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் எத்தனை செகண்டுன்னு பார்த்தேன். உண்மையாவே 60ல போனா 60 செகண்டு ஆகணும். ஆனது 66. 3,600ஐ 66ஆல வகுத்தா 54.5. தூரத்தை அரை சதவீதத்துக்கு மேல பிசகாம காட்டுற அதே வண்டி, வேகத்தை அஞ்சரை கூட்டிக் காட்டுது. நீங்களும் பண்ணிப் பாருங்க, ஆனா பின்னாடி உட்கார்ந்தவர் கையில போனைக் கொடுத்துட்டுப் பண்ணுங்க. ஜிபிஎஸ் ஸ்பீடு ஆப்பும் இதுக்கு நல்லாவே உதவும். திறந்த வெளியில, ஒரே சீரான வேகத்துல பார்த்தாதான் அந்த எண்ணை நம்பலாம்.

அவர் வண்டிக்கு என்ன ஆச்சு? மெக்கானிக்கிட்ட விசாரிச்சதுல வெளிய வந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சின்ன ஆக்ஸிடெண்ட், மீட்டர் உடைஞ்சுடுச்சு. ஒரிஜினல் கிடைக்கலைன்னு 18 இஞ்ச் வீல் மாடலோட மீட்டரை மாட்டியிருக்காங்க. இவர் வண்டி 17 இஞ்ச். 2.75 அளவு டயர்னா 18க்கும் 17க்கும் விட்டத்துல சுமார் 4.4 சதவீதம் வித்தியாசம். சின்னச் சக்கரம் ஒரு சுத்து சுத்தறதை அந்த மீட்டர் பெரிய சக்கரம் சுத்தினதா எண்ணிக்குது. போதாக்குறைக்கு முன் டயர் 4 மில்லிமீட்டர் தேய்ஞ்சிருந்தது. விட்டத்துல 8 மில்லிமீட்டர் போச்சுன்னா இன்னொரு 1.4 சதவீதம். ரெண்டையும் சேர்த்தா கிட்டத்தட்ட ஆறு வந்துடுச்சு.

இதனால அவருக்கு நஷ்டமும் உண்டு, அதை யாரும் கேட்கல. மைலேஜ் 53 கொடுக்குதுன்னு பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தார், உண்மையில 50. 3,000 கிலோமீட்டர் சர்வீஸை 2,830லயே பண்ணிட்டு இருந்தார். நாளைக்கு வண்டியை விக்கும்போது, ஓடாத தூரத்துக்கும் சேர்த்து விலையைக் குறைப்பாங்க.

இப்ப கணக்கைத் திரும்பப் போடுவோம். மீட்டர் 2,500ஐ 1.06ஆல வகுத்தா உண்மைத் தூரம் 2,358. அவர் கூட வாங்கினது 142 கிலோமீட்டருக்கு, அதாவது 497 ரூபாய். 875 இல்ல. அப்ப ஆப் சொன்ன 2,250? அது உண்மையைவிட 108 குறைவு. ஆப் பேட்டரியை மிச்சம் பண்றதுக்காக விட்டு விட்டு இடத்தைக் குறிச்சுக்குது. குறிச்ச புள்ளிகளை நேர்கோட்டுல சேர்க்குது. ஈரோடு கடை வீதி சந்துகள்ல வளைஞ்சு வளைஞ்சு போற மனுஷனை, அது வீட்டுக்கு மேல பறந்து போனதா கணக்கு வெச்சுக்குது. மத்த 10 பேருக்கும் வந்த 4ல இருந்து 6 சதவீதம் வித்தியாசத்துக்கு, அதுவரைக்கும் நான் ஒரு காரணமும் தேடலை.

இங்கதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. முதலாளி அடுத்த மாசத்துல இருந்து ஆப் கணக்குப்படியே பணம் கொடுக்கறதா இருந்தார். அப்படிக் கொடுத்திருந்தா ஒவ்வொரு சேல்ஸ்மேனுக்கும் மாசம் 350, 400 ரூபாய் குறைஞ்சிருக்கும். 11 பேருக்கும் சேர்த்தா 4,000 ரூபாய்க்குப் பக்கம், மாசா மாசம், அவங்க சொந்தக் காசுல பெட்ரோல். அதை யாரும் மோசடின்னு சொல்லியிருக்க மாட்டோம். "சிஸ்டம் காட்டுது"ன்னு சொல்லியிருப்போம். தொழிலாளி பக்கம் 497 ரூபாய் சாய்ஞ்சா அது க்ளெய்ம் ஃபிராடு, முதலாளி பக்கம் 4,000 சாய்ஞ்சா அது டெக்னாலஜி! நானும் அந்தப் பக்கத்துல நின்னுதான் மஞ்சள் அடிச்சேன்.

கிலோமீட்டர் கணக்குல அலவன்ஸ் கொடுக்கறவங்களுக்கு என் கருத்து இதுதான். ஆப்பை அட்டெண்டன்ஸுக்கு மட்டும் வெச்சுக்கோங்க. சேல்ஸ்மேன் போற பீட் எல்லாம் பெரும்பாலும் நிலையானது. ஒவ்வொரு பீட்டையும், கல் வெச்சு சரிபார்த்த ஒரு வண்டியில ஒரு தடவை ஓட்டி அளந்து, இத்தனை கிலோமீட்டர்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க. தினமும் போட்டோ, தினமும் சந்தேகம் ரெண்டும் மிச்சம். பீட் நிலையா இல்லாத வேலைன்னா, ஆறு மாசத்துக்கு ஒரு முறை 20 கல் ஓட்டிப் பார்த்து அந்த வண்டிக்கு ஒரு எண் எழுதி வெச்சு, அதால வகுத்துக் கொடுங்க. அந்தத் தாளை ஃபைல்ல வைங்க. வேலைக்காக நிஜமா செலவான அலவன்ஸுக்கு வரி விலக்கு கேட்கும்போதும் இந்த மாதிரி ரெக்கார்டுதான் உங்களைக் காப்பாத்தும்.

நீங்க அலவன்ஸ் வாங்குறவரா இருந்தா, மீட்டர், முன் டயர் எது மாத்தினாலும், எந்தத் தேதியில எந்த ரீடிங்குல மாத்தினீங்கன்னு ஆபீஸுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிடுங்க. அவர்கிட்ட அப்படி ஒரு மெசேஜ் இருந்திருந்தா இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

செகண்ட் ஹேண்ட் பைக் வாங்குறவங்களுக்கு ஒரு வரி: கேபிள் அறுந்து ரெண்டு வருஷம் ஓடின வண்டியிலயும் மீட்டர் 18,000தான் காட்டும். சர்வீஸ் புக்கைப் பாருங்க, ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் பாருங்க.

பழைய ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிட்டு, புதுசா ஒண்ணு எழுதிக் கொடுத்தேன். முதலாளி படிச்சுட்டு, "என்னங்க ஆடிட்டர், நீங்களே எழுதி நீங்களே அழிக்கறீங்க"ன்னு சிரிச்சார். ஆனா பிடித்தம் எதுவும் பண்ணலை, ஆளையும் அனுப்பலை. பீட் கணக்குக்கு 11 பேர்ல எட்டுப் பேர் மாறிட்டாங்க. மிச்சம் மூணு பேருக்கு இன்னும் ஆப்தான், அதைப் பத்தி நானும் அவரும் மாசத்துக்கு ஒரு தடவை சண்டை போட்டுக்கிட்டு இருக்கோம்.

அவர்கிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க சார்"னு சொல்லிட்டு, பாக்கெட்ல இருந்து ஒரு பில்லை எடுத்தார். சரியான மீட்டர் வாங்கி மாட்டியிருக்கார், கூலியோட சேர்த்து 1,150 ரூபாய்.

"இதை ஆபீஸ் கணக்குல போடலாமுங்களா?"

போட்டுட்டேன்.