கடலடியில் கிடந்த தோல்

1786 டிசம்பரில் இங்கிலாந்தின் பிளிமத் அருகே புயலில் மூழ்கியது ‘மெத்தா கத்தரீனா’ கப்பல். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஜெனோவாவுக்குச் சணலும் கலைமான் தோலும் ஏற்றிச் சென்றது. 1973-இல் முக்குளிப்பவர்கள் கண்டெடுத்தபோது தோல் கட்டுகளில் பல கெடாமலிருந்தன. கழுவி, எண்ணெய் ஏற்றி, அதில் ஷூவும் பையும் தைத்தார்கள்.

அது மரப்பட்டைச் சாற்றில் ஊறி, பிர்ச் எண்ணெய் குடித்த ரஷ்யத் தோல். பட்டையின் துவர்ப்பு தோல் நாரோடு பிணைந்துவிட்டால் கிருமிகளுக்கு அது எளிதில் இரையாகாது. எண்ணெய் நார்களுக்கிடையே புகுந்து வெடிப்பைத் தடுக்கும். (காற்றுப் புகாத கடற்சேற்றுக்கும் பாதிப் புகழ் சேரட்டும்.)

ஆவாரம்பட்டை, கடுக்காய், புங்க எண்ணெய் என்று மெட்ராஸ் தோலும் இதே வழியில் வந்ததுதான்.

இன்று கடையில் ‘அசல் தோல்’ என்ற முத்திரை இருக்கிறது. எதில் பதனிட்டது என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. குரோமியத்தில் பதனிடுவது விரைவான வேலை. மெல்லிய, நனைந்தாலும் தாங்கும் தோலுக்கு அது போதும். பெல்ட்டுக்கும் பூட்ஸின் அடித்தோலுக்கும் பட்டைத் தோலே சரி. மேலே பூச்சு பூசிய பூட்ஸ் உரிந்தால் குப்பைக்குத்தான் போகும். எண்ணெய்த் தோலில் விழுந்த சிறு கீறல், விரலால் அழுத்தித் தேய்த்தாலே பாதி மறையும். விலை கூடுதல், அவ்வப்போது எண்ணெயும் கேட்கும்.